ஓடாத வண்டியின் டயர்

போன மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது நாற்பத்தைந்து. என் மகள் ஷைனி போன் செய்தாள்.

"அப்பா... ஒரு ஆளு மேல இடிச்சிட்டேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு போனில் மற்றவர்களின் சத்தம்தான் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது பத்து ஐந்து. கருங்கலுக்கு இரண்டு கிலோமீட்டர் இந்தப் பக்கம், ரோட்டின் இடது ஓரத்து மதிலில் முட்டிக்கொண்டு நின்றது கார். முன் இடது டயர் கிழிந்து பட்டை பட்டையாகத் தொங்கியது. தரையில் வெள்ளையாக ஏதோ ஓடிக் கிடந்தது. ரப்பர் பால். ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்து, வாளியோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாக நடந்த செல்லையன் என்பவரை அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

ஷைனி மதிலோரம் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"ஏட்டி, பிரேக்கை எதுக்கு மிதிச்சே? டயர் வெடிச்சா மிதிக்கப்படாதுன்னு எத்தனை வாட்டி சொன்னேன்?"

"மிதிச்சிட்டேன் அப்பா," என்றாள்.

இந்தக் காரைப் பற்றிப் போன மழைக்காலத்தில் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். ஷைனி புதிதாக லைசென்ஸ் எடுத்திருந்த சமயம். ஆஸ்பத்திரி லேபில் வேலை. பஸ் கிடைத்தால் ஏற இடம் கிடைக்காது. புதிதாக ஓட்டுகிறவளுக்குப் பழைய வண்டி போதும் என்று தேடி, கடலோரத்து இனயம் ஊரில் ஒரு சின்னக் கார் வாங்கினேன். சொந்தக்காரர் குவைத்தில் வேலை பார்ப்பவர். வருடத்துக்கு ஒரு மாத லீவில் வரும்போது மட்டும் ஓட்டுவார். மீதி நாளெல்லாம் வண்டி ஷெட்டில் கிடக்கும்.

நம் மாவட்டத்தில் ஒரு பழைய காருக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் உண்டா? 'கல்ஃப்காரன் வண்டியாக்கும்' என்று சொல்லிவிட்டால் வேறு கேள்வியே கிடையாது. பதினோரு வருடத்தில் பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர். புதுசு மாதிரி என்று எழுதினேன். நீங்களும் இப்படிப்பட்ட வண்டியாகப் பார்த்து வாங்குங்கள் என்று யோசனையும் சொன்னேன். வாங்கிவிட்டோம் என்று மூன்று பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள்.

அந்த மூன்று பேருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியை நான் பார்க்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளைக்கூடக் குறித்து வைக்கிறவன் நான். காருக்கு என்று தனி நோட்டு போட்டேன். கடல்காற்றில் அடிப்பாகம் துருவேறியிருந்தது. சுரண்டி கோட்டிங் அடித்தாயிற்று. சைலன்சரில் ஓட்டை, மாற்றியாயிற்று. ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பேட்டரி, ஹேண்ட்பிரேக் கேபிள்... எல்லாவற்றுக்கும் தேதி, கிலோமீட்டர், செய்தவர் பெயர். வைப்பர் ரப்பர்கூட வெயிலில் வெடித்திருந்ததால் புதிதாகப் போட்டேன். கிடக்கிற ரப்பர் வயதானால் வெடிக்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, பாருங்கள்.

வேலை செய்தவர் தாசன் என்கிற மெக்கானிக். எல்லாம் முடிந்த அன்று டயரை ஒரு தட்டு தட்டிவிட்டுச் சொன்னார்:

"சாரே, நாலையும் மாத்திரணும். பழைய சாதனமாக்கும்."

"டயர்ப் பட்டன் தேயாம அப்படியே இருக்கே தாசா? ஓரத்து ரப்பர் முள்ளுகூட உதிரல்ல."

"ஓடித் தேயல்ல. கெடந்து கெட்டுப் போச்சு. புது டிரைவர் பிள்ளை கையில குடுக்கப் போறீங்க... பாத்துக்கிடுங்க."

தாசனின் மச்சினன் கருங்கலில் டயர் கடை வைத்திருக்கிறார். எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது... என்று நினைத்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்து வந்தேன். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: 'டயர் மாற்றச் சொல்கிறார். தேவையில்லை. கிலோமீட்டர் குறைவு.'

செல்லையனுக்கு வலது முட்டி நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். இனி நடப்பார், சரிவில் ஏற முடியாது என்றார் டாக்டர். நம் ரப்பர் தோட்டங்களில் சரிவில்லாத இடம் எங்கே இருக்கிறது?

அஜாக்கிரதையாக ஓட்டியதாக ஷைனி மேல் கேஸ்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஆட்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. "லைசென்ஸ் எடுத்து ஆறு மாசம் ஆகல்ல, அதுக்குள்ள தனியா விடலாமா?" "பொம்பளப் பிள்ளைக்கு ஸ்கூட்டி போதாதாக்கும்?" "பேடிச்சு, பயந்து போயி பிரேக்கை அமத்தியிருப்பா." ஷைனி எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தாள். எல்லோருக்கும் தலையாட்டினாள். எனக்கும் அப்போது அதே எண்ணம்தான்.

பத்தாவது நாள், போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் நிற்கும் காரைப் பார்க்கத் தாசனோடு போனேன். அவர் கிழிந்த டயரின் பக்கம் குந்தி உட்கார்ந்து, எச்சில் தொட்டு ஓரத்தைத் துடைத்தார்.

"இத வாசியுங்க சாரே."

சின்ன வட்டத்துக்குள் நான்கு எண்கள். முதல் இரண்டும் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டும் வருடம் என்று அவர் சொன்னார். கணக்குப் போட்டேன். பதினோரு வருடம். மற்ற மூன்றிலும் அதே எண்கள். வண்டியோடு வந்த டயர்கள். உப்புக்காற்றில், ஷெட்டில், காற்று இறங்கி, பாரத்தைத் தாங்கிக்கொண்டு கிடந்தவை. விரலால் அமுக்கினால் ஓரத்தில் முடி முடியாக வெடிப்பு தெரிந்தது.

தேதி தேதி என்று உயிரை விடுகிறவன்... வண்டியிலேயே அச்சடித்திருந்த தேதியை வாசிக்கவில்லை. நாமெல்லாம் எவ்வளவு ஓடியது என்று கேட்கிறோம். எத்தனை நாள் கிடந்தது என்று யார் கேட்கிறோம்? என் பேச்சைக் கேட்டு வண்டி வாங்கிய மூவரும், பட்டனைப் பார்க்காமல் அந்த எண்களைப் பாருங்கள். பழசு என்றால் இன்றைக்கே மாற்றுங்கள். மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா," என்று தாசன் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நேராக ராஜனிடம் போனேன். என் மனைவியின் தம்பி, வக்கீல். நோட்டைக் காட்டினேன். வாசித்துவிட்டு மூடினான்.

"அத்தான், இத யாருக்கும் காட்டாதீங்க. புது டிரைவர், பதறிப் போயிட்டாள்னு சொன்னா கோர்ட்டுக்கு வெளங்கும். மெக்கானிக் சொல்லியும் மாத்தல்லன்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க... இன்சூரன்ஸ்காரன் கையில கெடச்சா என்ன ஆகும்?"

"அப்போ ஷைனி?"

"அவளுக்கு ஒண்ணும் வராது. கொஞ்ச நாள்ல மறந்திருவா."

மறப்பாளா? மினிபஸ்ஸில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் அவள் அம்மாவிடம், "லேபில ஊசி எடுக்க கை வரல்லம்மா. யாரையாவது கொன்னுருவேன்னு தோணுது," என்று சொன்னது என் காதில் விழுந்தது. அதைக் கேட்ட பிறகும் ஐந்து நாள் சும்மா இருந்தேன். அந்த ஐந்து நாளுக்கு என்னிடம் எந்த விளக்கமும் இல்லை.

ஆறாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்ததும் நோட்டை அவள் முன்னால் விரித்து வைத்தேன். வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"அந்தச் செல்லையன் மாமாட்ட சொன்னீங்களா?"

"இல்ல மக்களே."

"வாங்க போவோம்."

போகிற வழியில் ஸ்டேஷனில் இறங்கி, நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். டயர் எப்படி இருந்தாலும் வண்டி ஓட்டினது அவள்தானே என்றார்கள். கேஸ் இன்னும் அவள் பெயரில்தான் இருக்கிறது. ராஜன் என்னோடு பேசுவதில்லை.

செல்லையனுக்கு ஒற்றை அறை வீடு. கட்டிலில், காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்துப் படுத்திருந்தார். அவர் மனைவி ஸ்டூலைத் தூக்கிப் போட்டார். நான் உட்காரவில்லை. தாசன் சொன்னது, நான் கேட்காதது, நோட்டில் எழுதியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

உண்மையைச் சொல்ல வந்தீங்களே, அது போதும் என்று சொல்வார் என்று மனதின் ஒரு மூலை எதிர்பார்த்தது. எழுதுகிறவனின் புத்தி.

செல்லையன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் ஒண்ணுதான் நெனச்சேன் சாரே. கொச்சுப் பிள்ளை, வண்டி பழகிட்டு வருது, பேடிச்சிருக்கும்... போட்டும்னு விட்டுட்டேன். அப்படி விட்டதுல மனசு கொஞ்சம் ஆறிச்சு. இப்ப நீங்க வந்து, வெவரம் தெரிஞ்சவன் சொல்லியும் கேக்காம விட்டேன்னு சொல்லுதீங்க. இத நான் எங்க கொண்டு வைக்க?"

 

அவர் ஷைனியைப் பார்த்து ஸ்டூலைக் காட்டினார்.

"நீ இரி மக்களே. சாரு கொஞ்சம் வெளிய நிக்கட்டும்."

வெளியே போய் நின்றேன். உள்ளே ஷைனி அழும் சத்தம் கேட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் முதல்முறையாக அழுதது அப்போதுதான்.