அண்ணியின் அடுக்களைச் சுவர்

எங்கள் அண்ணி எங்களைவிட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அண்ணனுக்கு எழுதும் தெம்பு இல்லை. அதனால் கொழுந்தனாகிய நான் எழுதுகிறேன். தப்பு செய்தவனும் நான்தான் என்பதால், நான் எழுதுவதே முறை.

அண்ணி உக்ரைனில், நீப்பர் ஆற்றங்கரையில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அந்த ஊர்ப் பெண்கள் ஈஸ்டருக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்து, அடுப்புச் சுவரில் பூவும் கொடியுமாகப் புதிதாக வரைவார்கள். பூனை முடியில் கட்டிய தூரிகை. சிவப்புப் பழங்களுக்கு மட்டும் விரல் நுனி. அண்ணி அதில் பேர் வாங்கியவர். அங்கே மருத்துவம் படிக்கப் போன எங்கள் அண்ணன், ஒரு கண்காட்சியில் அவரைப் பார்த்தார். பாளையங்கோட்டையில் எங்கள் அம்மா, "வெள்ளைக்காரியா?" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. கல்யாணமாகி வந்த அண்ணி, பொங்கலுக்கு முந்தித் தானே சுண்ணாம்பு மட்டையை எடுத்து வீடு முழுக்க வெள்ளையடித்தார். "நம்மளவிடச் சுத்தக்காரியால்லா இருக்கா!" என்று அம்மா கட்சி மாறிவிட்டார்.

பிறகு வளைகுடாவில், அஜ்மான் வாழ்க்கை. அண்ணன் கிளினிக்குக்குப் போவார். அண்ணி வாடகை ஃபிளாட்டின் அடுக்களையில் வரைவார். கட்டடத்துப் பூனைகளுக்கு மீன் வைத்து, அவை தின்னும்போது நாலு முடி கத்தரித்துக்கொள்வார். ஊருக்குப் போகிறவர்களின் பெட்டிகளில், விமான நிலையத்தில் அடையாளம் தெரியட்டும் என்று பூப் போட்டுக் கொடுப்பார். துபாய் அல் கூஸில் நான் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்பில் மட்டுமே எத்தனை பெட்டிகள்! லீவு நாளில் அங்கிருந்து நான் போனால், "தம்பி, மொதல்ல சாப்பிடுங்க, பொறவு பேசலாம்" என்று நெல்லைத் தமிழில் அதட்டுவார். வருடந்தோறும் ஈஸ்டருக்கு முன் பழைய ஓவியத்தின் மேல் தயங்காமல் வெள்ளையடிப்பார். எனக்கு வயிறெரியும். "வாடுன பூவ யாராவது தலையில வச்சிருப்பாங்களா?" என்று சிரிப்பார்.

போர் வந்தது. தன் தாயாரின் சாவுக்கு அண்ணியால் போக முடியவில்லை. அடுத்து அந்த வீடும் குண்டுவீச்சில் தரைமட்டமானது. சில மாதங்களில் அண்ணியும் படுக்கையில் விழுந்தார்.

அவர் மருத்துவமனையில் இருந்தபோது ஈஸ்டர் நெருங்கியது. வந்ததும் வரையட்டும் என்று, யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் லீவு போட்டு அந்தச் சுவருக்கு இரண்டு கோட்டிங் வெள்ளையடித்தேன். பள்ளியிலிருந்து வந்த அவர் மகள் பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"சித்தப்பா, ஏன் எரேஸ் பண்ணீங்க? அது அம்மாவோட அம்மா வீட்டு அடுப்புச் சுவர். இத மட்டும் அழிக்கவே மாட்டேன்னு அம்மா சொன்னாங்க."

வீடு இடிந்த சேதி வந்த வாரம், ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு இலையாக வரைந்தாராம். எனக்குத் தெரியாது. எல்லா வருடமும் போலத்தான் என்று நினைத்துவிட்டேன்.

வீடு திரும்பிய அண்ணி சுவரை வெகுநேரம் பார்த்தார். "சொவரு பளிச்சுன்னு இருக்கு, தம்பி. கை வலிச்சிருக்குமே" என்றார். மருந்துகளால் அவர் விரல்கள் மரத்துப்போயிருந்தன; தூரிகை பிடிக்க முடியவில்லை. கட்டிலை அடுக்களைக்கு எதிரே போடச் சொன்னார். அந்த வெள்ளையைப் பார்த்தபடியே சில வாரங்களில் போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட என் நெஞ்சு இப்படி வேகாது.

அண்ணியைத் தாய்போலப் பார்த்துக்கொண்ட நர்ஸ்கள், டூட்டி முடிந்த களைப்போடு வந்து ரத்தம் கொடுத்த கேம்ப் நண்பர்கள், பிள்ளைக்குச் சோறு கொடுத்த பக்கத்து ஃபிளாட் சேச்சி, கடைசிக் காரியத்துக்குக் காகிதங்களோடு அலைந்தவர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒரு உதவி. அந்தக் கடைசி ஓவியம் சுவரில் இருந்த மாதங்களில் வீட்டுக்கு வந்தவர்கள், அந்த அடுக்களையில் நின்று படம் எடுத்திருப்பீர்கள். தயவுசெய்து தேடிப் பாருங்கள். உங்கள் தோளுக்குப் பின்னால் ஒரு இலை தெரிந்தாலும் அனுப்புங்கள். அண்ணியின் மகள் அந்தத் துண்டுகளை ஒட்டி, அழிந்த ஓவியத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். இதுவரை மூன்று இலையும் ஒரு பூவில் பாதியும் கிடைத்திருக்கின்றன. கேட்பதற்கு எனக்கு வெட்கம் இல்லை. அழித்தவன் நான்.