என் பெயர் சொல்லி வந்த மெயில்

2008ஆம் ஆண்டு. இலங்கையில், தெஹியோவிட்டைக்குப் பக்கத்தில் ஓர் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். கணவருக்குக் கட்டாரில் வேலை. மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. சம்பளம் போச்சே என்று எல்லோரும் புலம்புவார்கள், எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். அன்றைக்குத்தான் பஸ் ஏறி டவுனுக்குப் போய், போனும் இன்டர்நெட்டும் இருக்கும் கொமியுனிகேஷன் கடையில் அவருடைய மெயிலைப் பார்க்க முடியும்.

பார்ப்பது என்ன, கேட்பதுதான். நான் பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொல்வேன், கடைக்காரர் அடிப்பார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சாவியைக் கதவு நிலைக்கு மேலே வைத்துவிட்டுத்தான் மலைக்கு வேலைக்குப் போவோம், அது எல்லோருக்கும் தெரியும். பாஸ்வேர்டும் எனக்கு அப்படித்தான் இருந்தது. அவர் எழுதிய கொஞ்சலைக்கூடக் கடைக்காரர் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல வாசிப்பார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

ஒரு மழை நாளில் புது முகவரியிலிருந்து மெயில் வந்திருந்தது. வழக்கம்போலக் கடைக்காரர் சத்தமாக வாசித்தார். பழையது வேலை செய்யவில்லையாம். என்னையும் மகளையும் அங்கே கூட்டிக்கொள்ளக் கம்பெனி சம்மதித்துவிட்டதாம். அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் இன்றைக்கே அனுப்பச் சொல்லியிருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அட்டையை எடுத்து ஸ்கேன் பண்ணக் கொடுத்தேன்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். என்னைவிட ஓரிரு வயது கூட இருக்கலாம்.

"தங்கச்சி, கேக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க. மாப்புள்ள உங்கள பேர் சொல்லியா கூப்பிடுவாரு? எங்க ஆளும் வெளிநாட்டுலதான், சவூதியில. ஒரு நாளும் பேர் எழுத மாட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மெயிலில் இருந்தது என் அட்டைப் பெயர். லயத்தில் அந்தப் பெயரில் கூப்பிட்டால் நானே திரும்பமாட்டேன். மெயில் கணக்கு திறந்த அன்று இந்தக் கடையில் கொடுத்த பெயர் அது. என் கணவர் வாயில் 'புள்ள' தவிர வேறு வந்ததே இல்லை.

அங்கேயே கட்டாருக்குக் கோல் எடுத்தேன்.

"என்ன புள்ள, இந்நேரத்துல?" என்றார் தூக்கக் குரலில். அவர் எதுவும் எழுதவில்லை.

அப்புறம்தான் பயம் வந்தது. அது யுத்த காலம். ஒவ்வொரு செக் பொயின்டிலும் அந்த அட்டைதான் எனக்கு உயிர். அதன் படம் போய்ச் சேர்ந்து, யாராவது அதை வைத்து சிம் எடுத்து ஏதாவது செய்திருந்தால், என்னை அல்லவா பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள்? மகளை யார் பார்ப்பது? மெயில் எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் கடையில் நான் பாஸ்வேர்ட் சொன்னதைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர்.

ஸ்கேனரிலிருந்து அட்டையை எடுத்து என் கையில் திணித்த அந்தப் பெண், புது பாஸ்வேர்ட் போடும் இடத்தைக் காட்டினார்.

"நீங்களே அடிங்க. எனக்கும் சொல்ல வேணாம்."

சொல்லிவிட்டு, ரோட்டுப் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாய்த் தேடி அடித்து முடிக்கும்வரை அவர் திரும்பவே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்று என்னிடம் இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது மகள் போனில் பாஸ்வேர்ட் அடிக்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். "நீங்க பார்த்தா என்னம்மா?" என்று சிரிக்கிறாள். பார்க்காமல் திரும்பிக்கொள்வதும் அன்புதான் என்பதை, பெயர்கூடத் தெரியாத அந்தப் பெண்ணிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.