நீலமாகாத வயிறு

அண்ணன் எறிந்த கிண்ணம் அவள் உதட்டைக் கிழித்துவிட்டுச் சுவரில் மோதி உடைந்தது. கஞ்சி வழிந்தது. அடுத்து அவர் நாற்காலியைத் தூக்கினார். கை தானாக வெட்டி இழுத்ததில் அது அவர் காலிலேயே விழுந்தது.

"இன்னொரு தடவை கை வெச்சார்னா நோயாளிங்க விடுதிக்குப் போன் பண்ணிருவேன்," என்றாள் அண்ணி. "கட்டிப் போட்டாவது பாத்துக்கட்டும்."

"கொஞ்சம் பொறுங்க அண்ணி. பொடி வேலை செய்யுது. என் ஈங்க ஏறுதே!"

"உன் ஈ ஏறுது. இவர் நம்ம தலை மேல ஏறுறார்."

தெருவில் அவளுக்கு ஈக்காரி என்று பெயர். ஆய்வகத்தில் பழ ஈ வளர்ப்பவள். அப்பாவைக் கொன்று இப்போது அண்ணனைப் பிடித்திருக்கும் பரம்பரை மூளை நோயை அந்த ஈக்களுக்கும் ஏற்றியிருந்தார்கள். கடைகளில் விற்கும் சத்துப் பொடிகளைத் தீனியில் கலந்து கொடுப்பாள். பிறகு கண்ணாடிக் குழாயை மேசையில் ஓங்கித் தட்டுவாள். ஈக்கள் பொத்தென்று அடியில் விழும். நோய் முற்றியவை அங்கேயே கிடந்து துடிக்கும், தெம்புள்ளவை ஏறும். எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் சாராயப் புட்டியில் கொட்டி மூழ்கடிப்பாள். பச்சைப் பொடிக் குழாயில் மட்டும் விழுந்த வேகத்தில் ஏறின. அதே பொடியைக் கடையில் வாங்கி, மருத்துவரிடம்கூடக் கேட்காமல், அண்ணன் கஞ்சியில் கரைத்தாள்.

மறுநாள் ஆய்வகத் தலைவி அவள் வாயைப் பார்த்தார். "யாரு அடிச்சது?"

"ஈ கடிச்சிருச்சு மேடம்."

தலைவி சிரிக்கவில்லை. "பச்சைப் பொடி மேல எனக்குச் சந்தேகமா இருக்கு. தீனியில நீலச் சாயம் கலந்து வை. நிஜமாவே தின்னுதான்னு பாப்போம்."

பொடி கலக்காத தீனி தின்ற ஈக்களின் வயிறு மை குடித்த மாதிரி நீலமாகியிருந்தது. பச்சைப் பொடி ஈக்களின் வயிறு வெளுத்தே கிடந்தது.

"வாயே வைக்கல பாரு," என்றார் தலைவி. "பசியில தீனி தேடித்தான் ஏறி அலைஞ்சிருக்கு. அதைப் போய் மருந்துன்னு நினைச்சிட்டோம்."

அவள் பொடியை விரலில் தொட்டு நக்கினாள். கசப்பு நாக்கைச் சுருட்டியது, உதட்டுக் காயம் நெருப்பாக எரிந்தது. பேச்சு போய்விட்ட அண்ணன் ஒவ்வொரு வேளையும் முதலில் வாயைத்தான் இறுக மூடினார். தாடையை அழுத்திப் பிளந்து ஊட்டியவள் இவள். அதற்குப் பிறகுதான் அவர் கை ஓங்கியது.

அன்று மாலை வெறும் கஞ்சி வைத்தாள். முதல் கரண்டியை அவர் கண்ணெதிரே தானே விழுங்கினாள். அவர் முகர்ந்து பார்த்தார், வாயைத் திறந்தார். பாதிக் கிண்ணம் காலியானபோது அவர் கை துள்ளி அவள் முகத்தில் அறைந்தது. உதடு மறுபடி கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கியது.

அண்ணி போனை எடுத்தாள்.

"வேணாம் அண்ணி. இது நோய் அடிச்ச அடி. இத்தனை நாளா அடிச்சதுதான் அவர் அடிச்சது. வாயைப் பிளந்து அந்தக் கசப்பை ஊத்தினா யாருதான் அடிக்க மாட்டாங்க?"

அண்ணன் கண் அவர்கள் யார் மேலும் இல்லை. அடுத்த கரண்டிக்காக வாய் திறந்தே இருந்தது.

அண்ணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டுக் கரண்டியைப் பிடுங்கினாள்.

"தள்ளு. பக்கத்துல உக்காந்து ஊட்டணும்டி. நேர் எதிர உக்காந்தா பல்லும் போயிரும்."