ஏலக்காட்டை மேய வந்த குடும்பம்

பிள்ளைகளே, டைனோசர் என்றால் வீட்டை மிதித்து நொறுக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நான் சின்ன வயதில் நம்பியிருந்தவை வேறு மாதிரி. வெள்ளாட்டுக்குட்டி உயரம், இரண்டு காலில் ஓட்டம், இலை தழைதான் தீனி. நோட்டுக்கு அட்டை போட வாங்கிய வெளிநாட்டுப் பத்திரிகைத் தாளில் படமாகக் குஞ்சுகளோடு குடும்பமாக நின்றன.

“இதுக எங்க இருக்கு மாமா?” என்று கேட்டேன். லாரியில் கிளீனராக இருந்த மாமா முகத்தை மாற்றாமல் சொன்னார்: “போடிமெட்டுக்கு மேல ரெண்டு குடும்பம் மிச்சமிருக்காம் மாப்ளே. ஏலக்காடுன்னா அதுகளுக்குக் கல்யாணச் சாப்பாடு.”

எனக்கு அது நல்ல செய்தி. அம்மா விடியுமுன் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கப் போவாள். அந்த மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவில் ஒரு ஜீப்பு உருண்டதிலிருந்து, பொழுது சாய்ந்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. அவள் வரும்வரை வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். அதுகள் ஏலச்செடியெல்லாம் தின்று தீர்த்துவிட்டால் அம்மா எதற்குப் போகவேண்டும்?

பள்ளி விடுமுறையில் ஒருநாள் அடம்பிடித்து அவளோடு போனேன். அவள் வேலை பார்க்கும் சரிவில் சில செடிகளின் குருத்தை ஏதோ கடித்து, வேரைத் தோண்டிப் போட்டிருந்தது. கங்காணி குனிந்து பார்த்தார்.

“முள்ளம்பன்னி சோலி. இப்படியே போனா பாதி ஆளுக்கு வேல இருக்காது ஆத்தா.”

பெரியவர்களுக்கு என்ன தெரியும்? நான் அம்மாவின் காதில் சொன்னேன்: “அதுக வந்துருச்சும்மா. இனி நீ ஜீப்பேற வேணாம்.” மாமா சொன்னதையும் சொன்னேன்.

அம்மா சிரிக்கவில்லை. “அப்படிச் சொல்லாத அப்பு. இத அதுக தின்னுட்டா நாம எதத் திங்கிறது?” என்றபடியே, யாரோ ஒரு முதலாளியின் செடிக்கு, காய்ச்சல்கண்ட பிள்ளைக்குப் போர்த்திவிடுவதுபோல மண்ணை அணைத்துவிட்டாள். ஜீப்புக்கு அவளும் பயந்தாள் என்பதும், ஒருநாள் அந்த ஜீப்பு வராமலே போய்விடுமோ என்று அதைவிடப் பயந்தாள் என்பதும் அப்போது எனக்கு விளங்கவில்லை. என் கவலை வேறு. நாம் தின்ன வேண்டும், சரி. குஞ்சுகள் என்ன தின்னும்?

சாயங்காலம் எல்லாரும் ஜீப்பை நோக்கி நடந்தபோது நான் மட்டும் பின்தங்கினேன். சரிவுக்குக் கீழே ஓடைக்கு அந்தப் பக்கம் ஓடி, அங்கே தானாக மண்டிக்கிடந்த பெரணித்தழையைக் கை நிறைய ஒடித்து, குஞ்சுக்கு எட்டுகிற மாதிரி ஒரு தாழ்ந்த பாறைமேல் வைத்துவிட்டு வந்தேன்.