மேற்கே அழைத்தவள்

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி என் தோழி நகரத்தை விட்டு மேற்கே குடிவந்தாள். வந்த இடத்தில் தன் முதல் பிள்ளையைப் பறிகொடுத்தாள்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. காலமாகிவிட்ட என் கணவரிடம்கூட இல்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதாலா? இருக்கலாம்...

அவள் பெயர் ஜைனபு. நகரத்தின் நடுவே பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளும் அவள் கணவர் காசிமும். இந்தப் பக்கம் நானும் என் கணவரும். இரண்டு ஜோடிகளும் புதிதாக மணமானவர்கள். ஒரே சமையலறை, ஒரே தண்ணீர்க் குழாய். என் ரசத்தில் உப்புக் குறைந்தால் அவள்தான் முதலில் சொல்வாள்.

என் கணவருக்கு மேற்குக் கோடியில், ஜூரோங்கில், கப்பல் பட்டறை வேலை கிடைத்தது. அதன் பக்கத்திலேயே பூன் லேயில் வீடும் கிடைத்தது. லாரியில் சாமான்களை ஏற்றி, கட்டிய மெத்தைமேல் உட்கார்ந்து போனேன். கடைகள் மறைந்தன. பிறகு வீடுகள் மறைந்தன. காடும் சேறும்தான் வந்துகொண்டே இருந்தன.

இன்றைய பூன் லேயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை வைத்து அன்றைக்கு எடைபோடாதீர்கள்! சுவர்ச் சாயத்தின் வாசம் போகாத அடுக்குமாடிகள், சுற்றிலும் வெட்டிப்போட்ட செம்மண், தொழிற்சாலைப் புகை. எப்போது பஸ் வரும் என்று எவருக்கும் தெரியாது. கணவர் வேலைக்குப் போய்விட்டால் பொழுது சாயும்வரை தமிழில் பேச ஓர் உயிர் இல்லை.

எங்களை இன்று முன்னோடிகள் என்கிறார்கள். நானா முன்னோடி? தாழ்வாரத்தில் நின்று கிழக்கே பார்த்து அழுதுகொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

எதிர்வீடு காலியாக இருந்தது. பட்டறையில் மேலும் ஆள் எடுத்தார்கள். காசிம் வேலையில் சேர்ந்தால் அந்த வீட்டைக் கேட்டு வாங்கலாம் என்றார் என் கணவர். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை... ஜைனபு வரவேண்டும். எப்படியாவது வரவேண்டும்!

ஆனால் அவள் அப்போது கர்ப்பிணி. காசிம் தயங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து சுற்றிப் பார்த்தார்.

"அவசரத்துக்கு டாக்டர் யாரும் இருக்காங்களா அக்கா? எனக்கு அது ஒண்ணுதான் கவலை."

கீழே கதவு இழுத்து மூடிய ஒரு கடை இருந்தது. அது காலிக் கடை. எனக்குத் தெரியும். அதைத்தான் கைநீட்டிக் காட்டினேன்.

"அதான் கிளினிக். இன்னைக்கு ஞாயிறு லா, மூடியிருக்கு. பிரசவம் பாக்குற நர்ஸும் இருக்காங்க."

"நீங்க சொன்னா சரிதான்க்கா" என்றார் அந்த மனிதர்.

எப்படி வந்தது அந்தச் சொல் என் வாயில்? திட்டமிட்டா பேசினேன்? இல்லை... ஆனால் திருத்திக்கொள்ள எத்தனை நாட்கள் இருந்தன! ஏன் திருத்தவில்லை?

அவர்கள் வந்தார்கள். லாரியிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிய ஜைனபுவை ஓடிப்போய்த் தாங்கினேன். என் வாழ்நாளில் அதுபோல் மகிழ்ந்த நாள் வேறில்லை. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கிளினிக் எங்கே என்று கேட்டாள். டாக்டர் வேறு இடத்துக்கு மாறிப் போய்விட்டாராம் என்றேன். "நம்ம நேரத்தைப் பாருங்கக்கா!" என்று சிரித்தாள். அதையும் நம்பினாள்.

பிறகு ஒரு பகல். கொட்டும் மழை. ஆண்கள் பட்டறையில். நாள் நிறையாமலே அவளுக்கு வலி வந்துவிட்டது. தொலைபேசி கிடையாது. கீழே ஓடினேன், பெருஞ்சாலைவரை ஓடினேன். செம்மண் சேற்றில் செருப்பு போயிற்று. கையை ஆட்டி ஆட்டி நின்றேன்... வண்டிகள் நிற்கவில்லை. கடைசியில் மரம் ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவர், சீனர், மனமிரங்கி நிறுத்தினார். இருவருமாக அவளைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தோம். மருத்துவமனை வெகு தூரம். வழியெல்லாம் அவள் என் கையை விடவில்லை.

ஆண் குழந்தை. மூச்சில்லை.

"கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார் டாக்டர்.

நான் சுவரைப் பார்த்து நின்றேன். கட்டிலிலிருந்து ஜைனபு என்னைக் கூப்பிட்டாள். "அழாதீங்கக்கா. மழையில ஓடி லாரியை நிறுத்தினீங்களே... நீங்க இல்லேன்னா நானும் போயிருப்பேன்." சேதி கேட்டு ஓடிவந்த காசிம் என் இரண்டு கைகளையும் பற்றித் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன்! கேட்கிறீர்களா? வாங்கிக்கொண்டேன்!

பிறகு அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். எனக்கு இரண்டு பெண்கள். பெருநாளுக்கு அவள் வீட்டு பிரியாணி, தீபாவளிக்கு என் வீட்டு முறுக்கு. இரண்டு வீட்டுக் கதவுகளும் திறந்தே கிடந்தன. காசிம் காலமானபின் மகன் அவளைத் தீவின் மறுகோடியில் உள்ள பொங்கோலுக்கு அழைத்துப் போய்விட்டான். என் பெண்களும் மணமாகிப் போனார்கள். எதிர்வீட்டில் இப்போது யாரோ இருக்கிறார்கள். நல்லவர்கள்தாம். கதவு மூடியே இருக்கும்.

எங்கள் வட்டாரத்துச் சமூக மன்றத்தில் சென்ற மாதம் ஒரு விழா. முதன்முதலில் குடிவந்தவர்களைப் பேச அழைத்திருந்தார்கள். ஜைனபுவும் வந்தாள். ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னாள்: "இந்த அக்கா ஒருத்தங்களை நம்பித்தான் வந்தேன். என் உசுரைக் காப்பாத்துனவங்க." கூட்டம் எனக்காகக் கைதட்டியது.

அதற்குமேல் தாங்க முடியவில்லை. மறுவாரமே பொங்கோலுக்குப் போனேன். தேநீர் கொடுத்தாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டுமே.

"ஜைனபு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கக்கா." காது சரியாகக் கேட்காததால் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

அவ்வளவு அருகில் அவள் முகம்... சொல்லிவிட்டால் இந்த முகம் என்ன ஆகும்? நாளைக் காலை வழக்கம்போல் தொலைபேசியில் என்னை அழைப்பாளா? இந்த வயதில் அவளும் இல்லாமல் நான் எப்படி இருப்பேன்? அன்று என்னைப் பொய் பேச வைத்த அதே ஏக்கம் இன்று என் நாக்கைக் கட்டிப்போட்டது.

"டீ நல்லாருக்கு" என்றேன்.

ரயிலில் திரும்பிக்கொண்டிருக்கும்போது தொலைபேசியில் அழைத்தாள்.

"என்னமோ சொல்ல வந்து மழுப்பிட்டீங்களே, என்னக்கா அது?"

"ஒண்ணுமில்லை லா. மனசு உன்னைத் தேடுது, அதான்."

"எனக்கும்தான் தேடுது. அடுத்த வாரமும் வாங்க."

வருகிறேன் என்றேன்.