அடித்தல் திருத்தல் இல்லாத கை

அந்தக் காவல் நிலைய ரைட்டருக்கு 'முத்தெழுத்து' என்று பட்டப்பெயர். இருபத்திரண்டு வருடமாக ஊரார் புகார்களை எழுதுகிறவர். ஒரு காகிதத்தில்கூட அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது. எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டி, "சரியா இருக்கா? விட்டுப்போனது ஏதாவது?" என்று கேட்பார். தங்கமான மனிதர்தான். மேலிடத்துக்குப் பிடிக்காத புகார் வந்தால் மட்டும் அவர் பேனாவில் மை தீர்ந்துவிடும். "நாளைக்கு வாங்க" என்பார். நாளைக்கும் மை இருக்காது. இந்தக் கூத்தைப் பார்த்து நிலையமே சிரிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை டீக்கடைக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"சார், என் கடையில உக்காந்து பேசினானுங்க. நாளன்னிக்கு மத்தியானம் தையல் கூடத்துக்குத் தீ வைக்கப் போறானுங்களாம். எடத்தக் காலி பண்ண வைக்க கட்டடத்துச் சொந்தக்காரர் ஏற்பாடாம்."

ரைட்டர் உள்ளே போய்ச் சொன்னார். இன்ஸ்பெக்டர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கட்டடக்காரர் நமக்கு வேண்டியவர்யா. டீக்கடையில ஆயிரம் பேசுவாங்க. எழுதாத."

ரைட்டர் வெளியே வந்து பேனாவை உதறினார். "மை இல்லீங்க. நாளைக்கு வாங்க."

நடக்கப்போகும் குற்றத்தைத் தடுக்க வேண்டிய அரசு ஊழியரே அதைத் தெரிந்து மறைத்தால் அவருக்கும் சிறை உண்டு. அந்தச் சட்டப் பிரிவின் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் சொல்வார். தெரிந்து என்ன புண்ணியம்?

ஆனால் தானாடாவிட்டாலும் தன் தசை ஆடுமே. அவருடைய தங்கை அந்தக் கூடத்தில்தான் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனார்.

"நாளைக்கு வேலைக்குப் போகாத."

"ஏன்ணா?"

"சொன்னா கேளு. லீவு போடு."

தலைவலி என்று சொல்லி அவளும் வீட்டில் இருந்துவிட்டாள். வியாழன் மதியம் கூடம் எரிந்தது. பின்கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். அவளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து தைக்கும் நான்கு பெண்களும் வெளியே வரவில்லை. அவர்களில் ஒருத்திக்குத் தங்கை தன் பழைய மூக்குக்கண்ணாடியை அந்த வாரம்தான் கொடுத்திருந்தாள். உடலை அடையாளம் சொல்ல அந்தக் கண்ணாடிச் சட்டம்தான் மிஞ்சியிருந்தது.

இன்ஸ்பெக்டர் "மின்கசிவுன்னு எழுது" என்றார். முத்தெழுத்து அப்படியே எழுதினார். அந்த எழுத்தும் அழகாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். தங்கை வந்து ரைட்டரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"புகார் எழுதணும்."

"என்னம்மா, வீட்டுல ஏதாவது..."

"தீ வைக்கப் போறாங்கன்னு தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டவங்க மேல. டீக்கடைக்காரர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

அவர் கை பழக்கதோஷத்தில் பேனாவை உதறியது. "மை..."

அவள் பையிலிருந்து ஒரு புதுப் பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நீ எழுதலேன்னா நேரா கோர்ட்டுக்குப் போவேன்."

"நான் ஜெயிலுக்குப் போனா உன் அண்ணி, புள்ளைங்க கதி?"

"அந்த நாலு பேருக்கும் புள்ளைங்க இருக்கு."

"உன் உயிரக் காப்பாத்தினவன்மா நான்."

"தெரியும்ணா. அதனாலதான் ரெண்டு நாளா சோறு எறங்கல."

அவள் அழுதாள். அவர் ஒரு காகிதத்தை எடுத்து முன்னால் வைத்தார். பிறகு அந்தப் பேனாவை எடுத்தார். அவள் சொன்னதை எழுதினார். அவளுக்குத் தெரியாததையும், அதாவது இன்ஸ்பெக்டர் அறைக்குள் 'எழுதாத' என்று சொன்னதையும், சேர்த்து எழுதினார். முடித்ததும் வழக்கம்போல வாசித்தார்.

"...இது இந்நிலைய இன்ஸ்பெக்டருக்கும் ரைட்டருக்கும் செவ்வாய்க்கிழமையே தெரியும். புதன்கிழமை மாலை ரைட்டர் என்னிடம், மறுநாள் வேலைக்குப் போக வேண்டாம் என்றார்." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "சரியா இருக்கா? விட்டுப்போனது ஏதாவது?"

"ஒரு தப்பு இருக்கு."

"என்ன?"

"எங்கிட்ட வந்து சொன்னது ரைட்டர் இல்ல. ரைட்டரா வந்திருந்தா அஞ்சு பேருகிட்டயும் சொல்லியிருப்பாரு. அண்ணன்னு போடு."

அவர் 'ரைட்டர்' என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்கு மேலே 'என் அண்ணன்' என்று எழுதினார். திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும் என்பது விதி. அதையும் வைத்தார்.