கப்பல் வெள்ளிக்கிழமை புறப்படும்

1. நான்கு நோட்டுகள்

அடையாற்றில், பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய பஸ் ஏறிச் சாந்தோமில் இறங்கி, வீட்டு மேசைமீது பையைக் கவிழ்த்தேன். நான்கு நோட்டுகள் விழுந்தன. வகுப்பில் வாங்கியவை ஐந்து. ஹென்ட்ரிக்கின் நோட்டைக் காணவில்லை.

மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. நான் பி.ஏ. ஆனர்ஸ் தேறி, ஒரு கல்லூரியில் ஆங்கிலத் துணை விரிவுரையாளராக இருந்தேன். ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுக்காரர் சிலர் அடையாற்று பங்களா ஒன்றில் தங்கியிருந்தனர். அவர்களுக்கு அடிப்படை ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் பொறுப்பைக் கல்லூரி முதல்வர் என்னிடம் ஒப்படைத்தார். துரைமாருக்கே இங்கிலீஷ் கற்பிப்பவர் என்று கோயில் வாசலில் என்னைச் சுட்டிக்காட்டுவார்கள். அப்பெருமையை நான் மறுத்ததில்லை.

டச்சு மொழியில் ‘நேற்று’ என்ற சொல்லோடு ‘ஹேவ்’ போன்ற துணைவினை தடையின்றி வரும். ஆகவே ஆங்கிலத்திலும் ‘ஐ ஹேவ் ஹிம் எஸ்டர்டே சீன்’ என்றே அவர்கள் பேசினார்கள். இவ்வழக்கத்தை ஒழிக்க நான் ஒரு முறை வகுத்திருந்தேன். நாள்தோறும் பத்து வாக்கியங்கள், மூன்று காலங்களிலும் எழுத வேண்டும். எழுதுவது அவரவர் வாழ்வில் மெய்யாக நடந்ததாகவோ நடக்கவிருப்பதாகவோ இருக்க வேண்டும். கற்பனை வாக்கியம் மனத்தில் நிற்காது என்பது என் கொள்கை.

“வந்ததிலேர்ந்து பையைக் கவுத்துக் கவுத்துப் பாக்கறீங்களே, என்ன காணோம்?” என்றாள் என் மனைவி பிலோமினா.

“ஒரு நோட்டு.”

“நோட்டுதானே? வேற ஒண்ணு வாங்கிக் குடுத்தாப் போச்சு. அதுக்கா இத்தனை தேடறீங்க?”

அந்த நோட்டில் என்ன எழுதியிருந்தது என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ஹென்ட்ரிக், துறைமுகத்தில் பழுதுபார்க்க நின்ற ஒரு சரக்குக் கப்பலின் செகண்ட் மேட், அதாவது இரண்டாம் துணை அதிகாரி. அவர் வாழ்வில் நடக்கவிருந்தது ஒன்றே ஒன்று. கப்பல் வெள்ளிக்கிழமை புறப்படும். கொழும்புக்குச் செல்லும். கப்பலில் நாற்பது பேர் இருப்பார்கள்.

கப்பல் செய்தியை வெளியே பேசினவனுக்குச் சிறை என்று சுவரெங்கும் நோட்டீஸ் ஒட்டியிருந்த நாட்கள் அவை. என் வேலை போவது இருக்கட்டும். அந்தத் தாள் தகாதவர் கைக்குப் போய்விட்டால், நடுக்கடலில் அந்த நாற்பது பேரின் கதி என்ன?

2. கண்டக்டர்

மறுநாள் வியாழன். காலையில் பஸ் நிற்குமிடத்தில், முந்தைய நாள் நான் வந்த பஸ்ஸின் கண்டக்டரைப் பிடித்து நோட்டைப் பற்றிக் கேட்டேன். மீசை முழுவதும் கரிப்புகை படிந்திருந்தது.

“செகப்பு அட்டை நோட்டா? உன்னுதா அது? இன்னா வாத்யாரே, நீ காலைல வருவேன்னு எனக்கு ஜோசியமா தெரியும்? நேத்தே டேசன்ல குட்த்துட்டேன்.”

“போலீஸ் ஸ்டேஷனிலா?”

“பின்ன? ஒரு பக்கம் இங்கிலீசு, ஒரு பக்கம் வேற இன்னாவோ பாசை. ஜெர்மன்காரன் எய்த்துன்னு டிரைவரு சொன்னாரு. நமக்கேன் நைனா வம்பு?”

ஸ்டேஷன் வாசல்வரை நடந்து சென்றேன். உள்ளே செல்ல முடியவில்லை. எதிர்ச்சாரியில் சிறிது நேரம் நின்றேன். பிறகு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு நுழைந்தேன்.

3. சிவப்பு மை

இன்ஸ்பெக்டரின் மேசையில் அந்த நோட்டு திறந்தபடி கிடந்தது. அதைத் தேடி வந்ததாகச் சொன்னேன்.

“உக்காருங்க சார். யார் எழுதினது இது?”

“அடையாற்று பங்களாவில் என்னிடம் ஆங்கிலம் படிக்கும் டச்சுக்காரர். இது இலக்கணப் பயிற்சி.”

“கப்பல் எப்பப் போகுது, எங்க போகுது, எத்தனை ஆளு. இதுக்குப் பேரு கிராமரா? ஆடு மேயுது, மாடு மேயுதுன்னு எழுதினா உங்க கிராமர் வராதா? மெட்ராஸ்ல மாடா இல்ல?”

அவர் நோட்டை என் பக்கம் திருப்பினார்.

“சரி, இந்தச் சிவப்பு மை யாருது?”

ஹென்ட்ரிக் ‘வெள்ளிக்கிழமை’ என்பதற்கு முன் ‘ஆன்’ போட மறந்திருந்தார். வகுப்பிலேயே அதை அழகாகச் சேர்த்து, பக்கத்தில் ‘குட்’ என்றும் எழுதியிருந்தேன். ஒரு கப்பலின் இரகசியத்தை வரிவரியாகப் படித்திருக்கிறேன். என் கண்ணில் பட்டது அந்த ஒரு சொல் மட்டுமே.

ஹென்ட்ரிக் தாமாகவே எழுதினார் என்று சொல்லியிருந்தால் நான் தப்பியிருப்பேன். அந்நியர், மறுத்துப் பேச அவருக்கு ஆங்கிலமும் போதாது. அவ்வாறு சொல்ல வாயெடுத்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

“சிவப்பு மை என்னுடையது. எழுதியவர் என் மாணவர். உண்மையை மட்டுமே எழுத வேண்டுமென்று கட்டாயப்படுத்தியவன் நான்” என்றேன்.

“அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

எழுதினேன். அவர் துறைமுகத்துக்கு டெலிபோன் செய்து, தேதியை மாற்றவேண்டியிருக்கும் என்று யாரிடமோ சொன்னார்.

“இனிமே அந்த பங்களாப் பக்கம் போகாதீங்க. பிரின்சிபாலுக்கு எழுதறதைப் பத்தி அப்புறம் யோசிக்கறேன்” என்றார் என்னிடம்.

அதன்பின் பல மாதங்கள், முதல்வரின் பியூன் வகுப்பு வாசலில் நிழலாடினால் என் கையிலிருந்த சாக்பீஸ் நின்றுவிடும். கடிதம் வரவேயில்லை. கப்பல் என்று புறப்பட்டது, கொழும்பு சேர்ந்ததா என்பதை நான் அறியேன். விசாரிக்கும் துணிவு எனக்கு வரவில்லை.

இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். மாணவரின் நோட்டைக் கையில் எடுத்ததும் பேனாவின் மூடியைத் திறக்காதீர்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதை முதலில் ஒருமுறை முழுவதும் படியுங்கள். பிழை எங்கும் ஓடிவிடாது.